வரேன் என்று சொல்லிப் போனவன்

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, கனேஷி வண்டி ஸ்டேஷனில் ஷனீஸைத் தனியாக நிற்க வைத்துவிட்டுப் போனது நான்தான். ஆனால் சொல்லிக்கொள்ளாமல் போகவில்லை. "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். எங்கள் கானா நாட்டில், இந்த அக்ரா நகரத்தில், யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், இதில் ஒரு தப்பும் இல்லை என்பார்கள்.

என் பெயர் ஃபீஃபி அமிஸா. வயது முப்பத்தாறு. இளவட்டமாக இருந்தபோது ஏழு வருஷம் ட்ரோட்ரோ வேனில் மேட்டாக இருந்தேன். கதவில் தொங்கிக்கொண்டு, போகிற இடத்தின் பெயரைக் கத்தி, காலியாக இருக்கிற கடைசி சீட்டுவரை ஆள் ஏற்றுகிற வேலை. அந்தத் தொண்டையைக் கேட்டு ஒரு ரேடியோக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பத்து வருஷம் தக்காளி விழுதுக்கும் கொசுவர்த்திக்கும் கத்தினேன். ஒருநாள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒரே சோப்பின் பெயரை நாற்பது தடவை சொன்னபிறகு, போதுமடா சாமி என்று ஆகிவிட்டது. சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று இன்க்வாந்தாவில் சேர்ந்தேன்.

இன்க்வாந்தா என்றால் எங்கள் மொழியில் நாற்சந்தி. அக்ராவின் ஓசு பகுதியில் ஒரு பழைய மாடி வீடு, வாசலில் பெரிய வேப்பமரம். வருஷத்துக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பார்கள். ஆறு பேர் இங்கேயே கிடந்து உழல்கிறவர்கள், மற்ற ஆறு பேர் இங்கிருந்து போன குடும்பங்களுக்கு வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஊரில் ஏதாவது ஒன்றை மாற்றிப்போட்டால்தான் தூக்கம் வரும் என்கிறவர்களும், பாட்டு, படம், ஆட்டம் என்று அலைகிறவர்களும் அங்கே ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகச் சண்டை போடுவோம். வாத்தியார் என்று யாரும் கிடையாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தர வேண்டும். கிராமத்துப் பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டுகிற செலாசி, டொராண்டோவிலிருந்து வந்த டெல்ராயிடம் நடனம் கற்றான். டெல்ராய் அவனிடம் சிமென்ட் குழைக்கக் கற்றான். இரண்டுமே கண்கொண்டு பார்க்கிற மாதிரி இல்லை. அவர்கள் என்னவோ சந்தோஷமாக இருந்தார்கள்.

வீட்டை நடத்துகிறவர் ஆன்ட்டி டெடேய். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. உள்ளூர் ஒருவர், வெளியூர் ஒருவர் என்று சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பார். அந்த ஜோடி ஆறு வாரம் சேர்ந்து ஒன்றைச் செய்து, கடைசி சனிக்கிழமை ஊராருக்குக் காட்ட வேண்டும். காட்டிய ஜோடிக்கு இன்னும் ஒரு வருஷம் இடம் உண்டு. ஜோடி உடைந்தால் இரண்டு பேருமே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"கல்யாணம் மாதிரியா ஆன்ட்டி?" என்று முதல் நாளே கேட்டேன்.

"கல்யாணத்துல பிரிஞ்சா ஒருத்தராவது வீட்டுல இருக்கலாம்," என்றார். "இங்க அதுவும் கிடையாது."

குலுக்கியதில் எனக்கு விழுந்தவள்தான் ஷனீஸ் குவான்சா. பர்மிங்காமில் பிறந்து வளர்ந்தவள். அம்மா பார்படோஸ்காரி, அப்பா எங்கள் ஃபான்ட்டி இனத்து ஆள். அங்கே பார்த்த நகராட்சி வேலையை விட்டு, குடியிருந்த வீட்டையும் காலி செய்து, ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். திரும்பிப் போனால் தங்க இடமில்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். கெட்டிக்காரி. ஒரே ஒரு குறைதான். யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்புவாள்.

வந்த இரண்டாம் நாள் வாசலில் காவல்காரர் பாபா இத்ரிசு மதியச் சாப்பாட்டைத் திறந்துவைத்து, கடந்து போனவளிடம் மரியாதைக்கு "வாம்மா, சாப்பிடலாம்" என்று சொன்னார். நாங்களாக இருந்தால் "நீங்க சாப்பிடுங்க பாபா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். இவள் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். சோறும் பயறும் கலந்த வாச்சேயில் பாதியையும், இருந்த ஒரே முட்டையையும் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நல்ல மனுஷர்" என்று எங்களிடம் வந்து சொன்னாள். அன்றிலிருந்து பாபா கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

நாங்கள் செய்ய நினைத்தது இதுதான். இந்த ஊரில் ட்ரோட்ரோ வேன் நிரம்பினால்தான் கிளம்பும். அதுவரை உள்ளே உட்கார்ந்து காத்திருப்பதிலேயே பாதி ஆயுசு போய்விடுகிறது. அந்தக் காத்திருப்பையே ஒலியாக்கி, வேப்பமரத்தடியில் ஒரு நிஜ வேனை நிறுத்தி, ஆள் ஏற்றி, பன்னிரண்டு நிமிஷம் கேட்க வைக்க வேண்டும். வேன் நகரவே நகராது. ஆனால் இறங்குகிறவர்களுக்கு எங்கேயோ போய் வந்த மாதிரி இருக்க வேண்டும். ஒலி அவள் பொறுப்பு. வேன் என் பொறுப்பு. காட்சிக்கு மூன்று நாள் இருந்த அந்தப் புதன்கிழமைவரை என்னிடம் வேன் இல்லை.

அன்று காலை கனேஷியில் அவள் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, எங்கள் பழைய டிரைவர் மென்சா வண்டியோடு எதிரே வந்தான். வண்டி கேட்டேன். கசோவாவில் இருக்கிற முதலாளியிடம் நேரில் வந்து கேள் என்றான். அவன் ஏற்கனவே கியர் போட்டுவிட்டான். நான் ஷனீஸிடம் "வரேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஓடிப்போய்க் கதவில் தொற்றிக்கொண்டேன். பழைய பழக்கம். என் போன் அவள் பையில் இருப்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

கசோவா சாலை நெரிசல் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்தபிறகு குளித்தார், சாப்பிட்டார், அதற்குப் பிறகுதான் கேட்டார். எப்படியோ சம்மதிக்க வைத்து, மூன்று மணிக்கு ஜெயித்துவிட்டு வருகிறவனாக ஹாரன் அடித்துக்கொண்டு கனேஷிக்குள் நுழைந்தேன். ஷனீஸைக் காணோம். சரி, வீட்டுக்குப் போயிருப்பாள், எந்த மனிதனும் அதைத்தானே செய்வான் என்று ஓசுவுக்கு வண்டியை விடச் சொன்னேன்.

வாசலில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேனை ஒருவரும் பார்க்கவில்லை.

"ஷனீஸ் விலகறேன்னு சொல்லிட்டா," என்றார் ஆன்ட்டி டெடேய். "அஞ்சு மணி நேரம் வெயில்ல அதே இடத்துல நின்னிருக்கா. ஒரு மணிக்குத்தான் கிளம்பி வந்திருக்கா."

"அஞ்சு மணி நேரமா? யாரு நிக்கச் சொன்னது?"

"நீதான்," என்றான் டெல்ராய். "வரேன்னு சொல்லியிருக்கே."

"ஆமா. போறதுக்கு முன்னாடி சொன்னேன்."

"போறவன் எதுக்குடா வரேன்னு சொல்றான்?"

"பின்ன என்ன சொல்லுவான்?" என்று என் பக்கம் எழுந்தான் செலாசி. "சொல்லிட்டுத்தானே போயிருக்கான். வந்தும் சேர்ந்துட்டான். இதுல உனக்கு என்ன பிரச்சனை?"

"நண்பா, என் பிரச்சனையைக் கேளு. குழாய் ரிப்பேர்காரர் வந்து பாத்துட்டு, வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. மூணு வாரம் ஆச்சு. நான் இன்னும் வாளியில குளிச்சுக்கிட்டிருக்கேன்."

"அவரு வருவாரு," என்றார் கேட்டிலிருந்து பாபா இத்ரிசு.

உள்ளூர்க்காரர்கள் எல்லாம் என் பக்கம், வெளியூர்க்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கம் என்று வாசல் இரண்டாகப் பிரிந்தது. "வரேன்" என்றால் எத்தனை மணி நேரம் என்று டெல்ராய் கேட்டான். ஆளைப் பொறுத்து என்றான் செலாசி. தோராயமாகச் சொல் என்றான் இவன். தோராயமாகத்தான் சொல்கிறேன் என்றான் அவன். ஆன்ட்டி டெடேய் கையைத் தட்டி எல்லோரையும் அடக்கினார்.

"வெள்ளிக்கிழமை காலைவரைக்கும் டைம். ரெண்டு பேரும் ஒண்ணா வந்து என் முன்னாடி நிக்கணும். இல்லேன்னா ரெண்டு பேரும் கிளம்பணும்."

"நான் என்ன பண்ணேன்னு அவ சொன்னா ஆன்ட்டி?"

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு. உன் மேல அவ ஒரு குறையும் சொல்லலை."

வியாழக்கிழமை காலை புளித்த சோள மாவில் செய்த நான்கு கென்க்கி உருண்டை, பொரித்த மீன், மிளகாய்த் தொக்கு எல்லாம் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், அவளைச் சமாதானம் செய்ய மட்டும் போகவில்லை. என் இடமும் அவள் கையில் இருந்தது. மறுபடியும் அந்தச் சோப்பின் பெயரைச் சொல்லப் போக எனக்குத் தெம்பு இல்லை. அவள் கதவைத் திறந்தாள். பெட்டி பாதி அடுக்கியிருந்தது.

"சாரி ஷனீஸ். ஆனா நான் வேன் விஷயமாத்தான்..."

"அந்த 'ஆனா'வை எடுத்துட்டுச் சொல்லு."

"சாரி."

"சரி. உன் மேல கோபம் இல்லை. உன் போன் மேசை மேல இருக்கு. உக்காரு, இதைக் கேளு." ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டிவிட்டாள்.

அவள் ஐந்து மணி நேரமும் கருவியை நிறுத்தவே இல்லை. சர்க்கிள் போகிற வண்டிகளின் மேட்டுகள் 'சர்க் சர்க் சர்க்' என்று கத்துகிற சத்தம், தண்ணீர்ப் பாக்கெட் விற்கிறவர்களின் சத்தம், யாரோ பிரசங்கம் செய்கிற சத்தம். நடுவில் ஒரு பெண் குரல், கென்க்கி விற்கிறவளாக இருக்க வேண்டும், பக்கத்திலேயே கேட்டது.

"ஏம்மா, காலையில இருந்து இங்கயே நிக்கறே. யாருக்காக?"

"என் ஃப்ரெண்டு. வரேன்னு சொல்லிட்டுப் போனான்."

இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தம்.

"அப்ப போயிட்டான்."

"இல்லை, வரேன்னு சொன்னான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். போயிட்டான். வீட்டுக்குப் போ தாயி."

அதற்குப் பிறகு ஷனீஸின் குரல், கொஞ்சம் மெதுவாக. "போறவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்களா?"

"பின்ன? வாய்ல 'போறேன்'னா வரும்? நல்ல வார்த்தையா அது? திரும்பி வர்ற எண்ணமே இல்லாதவன்கூட வரேன்னுதான் சொல்லிட்டுப் போவான்."

அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. நான்கு நிமிஷம் ஸ்டேஷன் சத்தம் மட்டும்தான். மைக்குக்குப் பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஒரு மேட் வந்து ஏறுறியா என்று கேட்கிறான், அவள் பதில் சொல்லவில்லை. வாய் ஓயாமல் பேசுகிற பெண் நான்கு நிமிஷம் பேசாமல் நின்றதை அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றினேன்.

"எனக்கு அப்ப ஏழு வயசு," என்றாள். "எங்கப்பா பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு என்னைப் பாத்து 'வரேன்'னு சொன்னாரு. நான் போய் மாடிப்படியில உக்காந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. அப்பா வரேன்னு சொல்லியிருக்காரு, நான் இங்கயே இருக்கேன்னு சொன்னேன். அப்புறம் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் அங்கதான் உக்காருவேன். எத்தனை நாள்னு ஞாபகம் இல்லை."

அவள் வளர்ந்த ஊரில் போகிறவன் போறேன் என்பான், வருகிறவன் வரேன் என்பான். நேரான ஊர். அதில் ஒரு குழந்தை வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்?

"இருபத்தாறு வருஷமா அவர் பொய் சொல்லிட்டுப் போனாருன்னுதான் கோபமா இருந்தேன்," என்றாள். "நேத்து அந்த அம்மா சொல்லித்தான் தெரியுது, அவர் எனக்கு வாக்கே கொடுக்கலை. சும்மா டாட்டா சொல்லிட்டுப் போயிருக்காரு. எது மோசம்னு எனக்குத் தெரியலை ஃபீஃபி. அந்தச் சத்தத்தை வெட்டி ஒட்ட இனிமே என்னால முடியாது. மறுபடியும் அந்தப் படியிலேயே உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. நான் போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதர் மேல் வந்தது. கென்க்கிக்காரி மேல் வந்தது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன் என்று நினைத்தபோது என் மேலேயே வந்தது.

"அந்த அம்மா சொன்னது பாதிதான்," என்றேன். "போறேன்னு சொல்ல வாய் வராததாலதான் வரேன்னு சொல்றோம். சரி. ஆனா சொன்னா வரணும். அதுல தள்ளுபடி எல்லாம் கிடையாது. நான் ஏழு மணி நேரம் லேட். உங்கப்பா இருபத்தாறு வருஷம் லேட். ரெண்டு பேருமே தப்புதான். இப்ப எங்க இருக்காரு?"

"இந்த நாட்டுலதான், டாக்கொராடியில. அத்தை நம்பர் கொடுத்தாங்க. வந்த நாள்ல இருந்து போன்ல இருக்கு."

"கூப்பிட்டியா?"

"நான் எதுக்குக் கூப்பிடணும்? வரேன்னு சொன்னது அவரு."

கென்க்கியைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினேன். ஒரு உருண்டை முழுக்கச் சாப்பிட்டாள். கையைக் கழுவினாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நான் மீன் முள்ளை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம்கூடப் பேசியிருக்கமாட்டாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னே?"

"பேரைச் சொன்னேன். சனிக்கிழமை ஓசுவுல ஒரு காட்சி இருக்குன்னு சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

ஷனீஸ் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"வரேன்னு சொன்னாரு."

இரண்டு பேரும் மீதி மீனைப் பார்த்தோம். முதலில் சிரித்தது அவள்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது எந்தக் கணக்கில் சேரும் என்று நான் கேட்கவில்லை. சரி, பெட்டியைப் பிரி, எதையும் வெட்டாதே, அந்த நான்கு நிமிஷத்தை அப்படியே வைப்போம் என்றேன். வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஆன்ட்டி டெடேய் முன்னால் ஒன்றாகப் போய் நின்றோம். அவர் கடிகாரத்தைப் பார்த்து, "இது ஒண்ணுதான் இந்த வாரம் நேரத்துக்கு வந்தது" என்றார்.

சனிக்கிழமை வேப்பமரத்தடியில் மென்சாவின் வேன் நின்றது. பின்னால் பெரிய எழுத்தில் 'அவசரம் எதற்கு' என்று எழுதிய வண்டி. பதினைந்து சீட்டுக்கும் அடியில் ஷனீஸ் ஒலிபெருக்கி பொருத்தியிருந்தாள். நான் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கதவில் தொங்கி ஆள் ஏற்றினேன். ஓசு ஜனங்களுக்கு நகராத வண்டியில் ஏற அத்தனை ஆசை என்று எனக்குத் தெரியாது. முதல் ஓட்டம் முடிந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் யாரையோ கூப்பிட்டார்கள். ஆன்ட்டி டெடேய் அப்போதே எங்கள் இருவர் பெயரையும் அடுத்த வருஷத்துப் பட்டியலில் எழுதிவிட்டார்.

ஆனால் நான் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். ஏழு வருஷத்தில் ஒரு சீட்டைக் காலியாக விட்டு நான் கதவைச் சாத்தியதில்லை. அன்று ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டாம் வரிசை ஜன்னல் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. "ஆள் இருக்கு, ஆள் வருது" என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். ஷனீஸ் ஒவ்வொரு தடவையும் கேட்டைப் பார்ப்பாள். நான்காவது ஓட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"அந்த சீட்டை விட்டுரு ஃபீஃபி. ஆளை ஏத்து."

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமே."

"படியில உக்காந்தது போதும் எனக்கு. ஏத்து."

ஏற்றினேன். "கடைசி ஒருத்தர், கடைசி ஒருத்தர்" என்று நான் இழுத்தபோது, இஸ்திரி போட்ட சட்டையும் கக்கத்தில் ஒரு பெரிய ரொட்டியுமாக நெட்டையான ஒருவர் வந்து ஏறி அந்த ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார். "ரொட்டியை மடியில வைங்க ஐயா, பக்கத்துல இருக்கறவங்களுக்கு இடிக்குது" என்றேன். வைத்துக்கொண்டார். கதவைச் சாத்தினேன். ஒலி ஓடியது.

பன்னிரண்டு நிமிஷம் முடிந்து எல்லோரும் இறங்கினார்கள். அவர் மட்டும் இறங்கவில்லை.

"இதுதான் கடைசி ஸ்டாப் ஐயா."

"பேசாம நிக்குதே ஒரு பொண்ணு," என்றார். "அது எங்க இருக்கு?"

ரொட்டியின் நடுவில் அவர் விரல்கள் பதிந்திருந்தன. அவர் யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டிக்குப் பின்னால் ஒயர்களோடு இருந்த ஷனீஸைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன், அவளே கதவுப் பக்கம் வந்துவிட்டாள். குரலை வைத்துத் தெரிந்துகொண்டாளோ என்னவோ. அவர் எழுந்தார். கூரையில் தலை இடித்தது.

"வர்ற வழியில மங்கேசிம்கிட்ட டயர் வெடிச்சிருச்சு," என்றார்.

ஷனீஸ் அவரைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷமாவா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்கிற மாதிரியும் இருந்தது, ஆமாம் என்கிற மாதிரியும் இருந்தது. மறுபடியும் அதே சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று தெரிந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஷனீஸ் ஹெட்போனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்.

"ஃபீஃபி, வரேன்," என்றாள். வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கதவை உள்ளிருந்து அவளே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

வெளியே ஆறாவது ஓட்டத்துக்கு வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. டெல்ராய் அவசரமாக ஓடி வந்தான்.

"என்ன ஆச்சு? எப்ப வருவா?"

"வரேன்னு சொல்லியிருக்கா," என்றேன்.

வரிசையில் நின்ற ஜனங்கள் எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள். அதைக் கேட்டதும் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்து சாப்பிடப் போனார்கள்.